யானைக் கட்சித் தலைமையில் நமக்கென்ன வேலை?

(2020 தை மாதம் ஹட்டனில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



பொங்கல் முடிந்த கையோடு கூப்பிட்டிருக்கிறோம். கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விறகு, துணி துவைப்பு, பிள்ளைகளின் வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மாத்தளையிலிருந்து வந்தவர்கள் விடியுமுன் பஸ் ஏறியிருப்பீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

ஐக்கிய தேசியக் கட்சிக்குள் தலைமைச் சண்டை நடக்கிறது. 1994ஆம் ஆண்டு முதல் ரணில் விக்கிரமசிங்க தலைவராக இருக்கிறார். சஜித் பிரேமதாச இந்த மாதம் 3ஆம் திகதி எதிர்க்கட்சித் தலைவராகிவிட்டார். ஆனால் கட்சியின் தலைமை இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. சஜித் கட்சித் தலைமைக்கு வரவேண்டும் என்று நமது சங்கம் பகிரங்கமாகச் சொல்லலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. நிர்வாகக் குழுவில் பேசினோம். சொல்லலாம், ஆனால் சும்மா சொல்லக்கூடாது என்பது எங்கள் யோசனை. யோசனை மாத்திரம்தான். முடிவு உங்கள் கையில். அதை எப்படி எடுப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

தோட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போது முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். கொழும்பில் பெரிய வீட்டுக்காரர்கள் நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள், லயத்தில் இருக்கிற நமக்கு அதில் என்ன வேலை? நியாயமான கேள்வி. நாம் அந்தக் கட்சியின் உறுப்பினர்கள் இல்லை. நமது சந்தாவில் ஒரு சதம் அங்கே போவதும் இல்லை.

ஆனால் தேர்தல் வந்தால் நம்முடைய ஆட்கள் எந்தச் சின்னத்தில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். 2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணி யானையில்தான் கேட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நமக்கு எண்ணிக்கை இருக்கிறது. யானை இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு பேரை அனுப்புவோம். இரத்தினபுரியில்? கேகாலையில்? மாத்தளையில்? விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து வாக்குக்குக் குறைவாக எடுக்கிற கட்சிக்கு அங்கே ஆசனமே கிடையாது. தனித்து நின்றால் அந்தச் சனத்தின் வாக்கு மழையில் கரைந்த உப்பு. பெரிய கட்சியின் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால்தான் வழி. ஏறிய பிறகும் விருப்பு வாக்கில் சிங்களச் சகோதரர்களும் கொஞ்சம் புள்ளடி போட்டால்தான் வெற்றி. இன்றைக்கு இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நமது சமூகத்திலிருந்து ஒரு பாராளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. இறக்குவானையிலோ யட்டியாந்தோட்டையிலோ ஒரு பிள்ளைக்குப் பாடசாலை அனுமதிப் பிரச்சினை என்றால் யாரிடம் போவது?

அந்தப் பட்டியலில் யார் பெயர் ஏறுவது என்பது கட்சித் தலைவர் தலையசைப்பதில் இருக்கிறது. கொழும்புச் சண்டைக்கும் இறக்குவானைக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

இதைவிடப் பழைய சம்பந்தமும் உண்டு. 1947 தேர்தலில் நமது மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே டி. எஸ். சேனாநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. நம் பாட்டன் பூட்டன் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைத் தலைக்கணக்கில் பிரித்தார்கள். அது வேறு கட்சி செய்த வேலை. பிறகு 1988இல் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது. 2003இல் எஞ்சியிருந்தவர்களுக்கும் கிடைத்தது. இந்த இரண்டும் ஐக்கிய தேசியக் கட்சியின் காலத்தில் நடந்தவை. பறித்ததும் யானை, திருப்பிக் கொடுத்ததும் யானை. நடுவில் நாற்பது வருடம். அதற்குள் எத்தனை குடும்பம் இராமேஸ்வரத்தில் இறங்கி எங்கெங்கோ சிதறிப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரே கட்சி இப்படி இரண்டு விதமாக நடந்ததற்குக் காரணம் மனசு மாறியது மட்டுமல்ல. 1948இல் நம்மைத் தூக்கி எறிந்தால் கட்சிக்கு இலாபம். 1988இல் நமது வாக்கும் தொழிற்சங்கப் பலமும் கட்சிக்குத் தேவைப்பட்டது. யார் தலைவராக இருந்தார், அவருக்கு நாம் எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்து நமது பிழைப்பு மாறியிருக்கிறது. அப்படியிருக்க, அந்தத் தலைவரைத் தெரிவு செய்கிற நேரத்தில் மாத்திரம் நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ன கணக்கு?

அந்தக் கட்சி தலைவரை எப்படித் தெரிவு செய்கிறது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். டி. எஸ். சேனாநாயக்க இறந்ததும் மகன் டட்லி வந்தார். வரிசையில் முன்னால் நின்றவர் சேர் ஜோன் கொத்தலாவல. ஆளுநர் நாயகம் அழைத்தது டட்லியை. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவை எதிர்த்த லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் கட்சியை விட்டே வெளியேற்றப்பட்டார்கள். தலைவரைக் கேள்வி கேட்டால் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மற்றவர்களுக்கும் அன்று விளங்கியது.

2011 டிசம்பரில்தான் ஒரு வாக்கெடுப்பு வந்தது. சீர்திருத்தம் வேண்டும் என்றவர்கள் கரு ஜயசூரியவை நிறுத்தினார்கள். செயற்குழுவும் பாராளுமன்றக் குழுவும் வாக்களித்தன. ரணிலுக்கு 72, கருவுக்கு 24. கூட்டிப் பாருங்கள், 96. நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிற கட்சிக்குத் தலைவரைத் தெரிவு செய்தவர்கள் 96 பேர். நம்முடைய ஒரு பெரிய டிவிசனில் காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கிற ஆட்கள் அதைவிட அதிகம்! செயற்குழுவில் இருக்கிறவர்களில் பெரும்பங்கு தலைவருடைய விருப்பத்தில் வந்தவர்கள். துரை வைத்த கணக்கப்பிள்ளைமாரை வரிசையில் நிறுத்தி, துரை நல்லவரா என்று கேட்பது போல.

அந்தக் கட்சியைச் சேர்ந்த தோட்டத் தொழிற்சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அங்கத்தவர்களும் நம்மோடு ஒரே மலையில்தான் கொழுந்து பறிக்கிறார்கள். வருடக்கணக்காகச் சந்தா கட்டுகிறார்கள், மே தினத்துக்குப் பஸ் ஏறிப் போகிறார்கள். தலைவரைத் தெரிவு செய்கிற வாக்கு அவர்களில் ஒரு கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் இல்லை. வேறு சங்கம் என்று நாம் சந்தோசப்பட இதில் ஒன்றும் இல்லை. நம் வீட்டுக் கதையைக் கடைசியில் பேசுவோம்.

போன வருடம் இந்தப் பூட்டு கொஞ்சம் இளகியது. ஜனாதிபதி வேட்பாளர் சஜித்தா ரணிலா என்ற இழுபறியில், கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர் செயற்குழுவின் வாசலில் காத்துக் கிடக்காமல் சனத்திடம் போனார்கள். பதுளையில் கூட்டம் வைத்தார்கள், மாத்தறையில், குருநாகலில் வைத்தார்கள். பதுளைக் கூட்டத்துக்கு ஊவாத் தோட்டங்களிலிருந்தும் நமது ஆட்கள் போனார்கள். தமிழ் முற்போக்குக் கூட்டணியும் சஜித் பக்கம் நின்றது. செப்டெம்பர் 26ஆம் திகதி அதே செயற்குழு அவரை வேட்பாளராக ஏற்றுக்கொண்டது. வெளியில் சனம் கூடியதால் உள்ளே கை உயர்ந்தது. நமக்கு இது புதிய பாடமா? வேலைநிறுத்தம் செய்யாமல் எந்தக் கம்பனி மேசைக்கு வந்திருக்கிறது?

நவம்பரில் அவர் தோற்றார். நாடு முழுவதும் நூற்றுக்கு 42 வாக்கு எடுத்தார். நுவரெலியா மாவட்டத்தில் 2 இலட்சத்து 77 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அவருக்குப் போட்டோம், நூற்றுக்கு 58. வடக்கும் கிழக்கும் அவருக்குப் போட்டன. நமது வாக்கு அவரைத் தோற்கடிக்கவில்லை. ஆகவே இப்போது பேசுகிற உரிமை நமக்கு உண்டு.

இனி அந்த ஆளைப் பற்றி. நல்லதை முதலில் சொல்கிறோம். தேர்தல் காலத்தில் அவர் பெண்களுக்குச் சுகாதார நப்கின் இலவசமாகக் கொடுப்பேன் என்றார். எதிர்த் தரப்பு அவரை ‘பேட்மேன்’ என்று பட்டம் வைத்துச் சிரித்தது. இங்கே உட்கார்ந்திருக்கிற தலைவிமார் சிரித்தீர்களா? மலையில் கழிப்பறை கிடையாது. காலை ஏழரைக்கு ஏறினால் நிறைக்குத்தான் இறங்க முடியும். அந்த நாட்களில் பழந்துணியோடு, அட்டைக் கடியோடு, நனைந்த படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு அது சிரிக்கிற விசயம் இல்லை. ஒரு ஜனாதிபதி வேட்பாளர் அதைச் சிங்கள மேடையில் கூச்சப்படாமல் பேசினார். கேலி வந்த பிறகும் பின்வாங்கவில்லை. இந்த நாட்டு அரசியலில் பெண்களின் உடம்புக் கஷ்டம் பேசுபொருளாக வந்தது அபூர்வம். அதை நாங்கள் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

குடும்பப் பெயரைத் தாண்டிக் கட்சிக்குள் முட்டி மோதி மேலே வந்தவர் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2011இல் பிரதித் தலைவர் பதவியை வாக்கெடுப்பில் வென்றவர்.

சந்தேகங்களும் இருக்கின்றன. மறைக்கப் போவதில்லை. அவருடைய தகப்பனார் ஆட்சியில் 1992இல்தான் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஏழைகளுக்கு வீடு கட்டியவர் என்று பெரிய பிரேமதாசவை நமது வயோதிபர்கள் இன்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இன்று நாம் மல்லுக்கட்டுகிற கம்பனி முறை அவர் காலத்துப் பிள்ளை. தகப்பன் பெயரைச் சொல்லி மகன் வாக்குக் கேட்டால், இந்தப் பக்கத்தையும் புரட்டிக் காட்டவேண்டியது நமது வேலை.

அடுத்தது சம்பளம். 2016 ஒப்பந்தத்தில் அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30, ஆக 730. ஆயிரம் ரூபா கேட்டு 2018 ஒக்டோபரில் நம் பிள்ளைகள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். சங்கக் கட்சி பேதம் பார்க்காமல் வந்த கூட்டம் அது. 2019 ஜனவரியில் கையெழுத்தானது எவ்வளவு? அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. சேமலாப நிதிக் கணக்குக்கு அடிப்படை கூடியது நல்லதுதான். கையில் கூடியது 20 ரூபா. ஒரு பிளேன்டீ. அதைச் சமாளிக்க அரசாங்கம் நாளுக்கு 50 ரூபா தரும் என்றார்கள். அந்த ஐம்பதை இந்தக் கூட்டத்தில் யாராவது கண்ணால் கண்டிருந்தால் கையை உயர்த்துங்கள். அந்த அரசாங்கத்தின் அமைச்சரவையில் சஜித்தும் இருந்தார். தலைமை மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும்.

ரணிலுக்கும் ஒரு நியாயம் செய்துவிட்டுப் போவோம். 2003 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது பிரதமர் அவர். கடந்த ஐந்து வருடத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு, பிரதேச சபை நிதியைத் தோட்டங்களுக்கும் செலவழிக்கலாம் என்ற 2018 சட்டத் திருத்தம், நுவரெலியாவில் புதிய பிரதேச சபைகள் எல்லாம் அவர் பிரதமராக இருந்தபோது வந்தவை. நமது பிரதிநிதிகள் நின்று வாங்கியவை என்றாலும், கதவை அடைக்காதவர் அவர். ஆகவே ஆளைத் திட்டுவதற்கு இந்தக் கூட்டம் இல்லை. தோற்றாலும் வென்றாலும் தலைவர் ஒருவரே என்று ஒரு கட்சி 25 வருடம் இருந்தால், கீழே இருக்கிற யாருடைய குரலும் மேலே ஏறாது. நம்முடைய குறை அதுதான்.

வேறொரு கேள்வியும் வரும். பொங்கலுக்கு முதல் நாள் புதிய ஜனாதிபதி, மார்ச் முதலாம் திகதியிலிருந்து ஆயிரம் ரூபா என்று அறிவித்துவிட்டார்; ஆளும் பக்கம் ஆயிரம் தரும்போது எதிர்க்கட்சித் தலைமை யாருக்கு இருந்தால் என்ன என்று கேட்பார்கள். ஆயிரம் வந்தால் இரண்டு கையாலும் வாங்குவோம். அது நாம் தெருவில் நின்று கேட்ட காசு, யாருடைய பிச்சையும் இல்லை. ஆனால் அந்த ஆயிரத்துக்கு எத்தனை கிலோ கேட்பார்கள், மாதத்தில் எத்தனை நாள் வேலை தருவார்கள், நிறை குறைந்தால் அரைப் பேர் போடுவார்களா? இதைப் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று கேட்க உறுதியான எதிர்க்கட்சி ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஐம்பது ரூபா போன வழியில் ஆயிரமும் போகும்.

கட்சி உடையுமா என்ற பயமும் இருக்கிறது. உடைந்தால் முதலில் அடிபடுவது நாம்தான். நுவரெலியாவில், பதுளையில், கண்டியில் நமது வாக்கு இரண்டு சின்னத்துக்குப் பிரியும். ஐந்து வீத எல்லையில் தொங்குகிற மாவட்டங்களில் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல் போகலாம். ஆகவே நமது சங்கம் சஜித்துக்கு ஆதரவு சொல்வதாக இருந்தால், கட்சியை உடைத்துக்கொண்டு வா என்று சொல்லப் போவதில்லை. வாக்கெடுப்பு வை, இரகசிய வாக்கு வை, தோற்றவர் கட்சிக்குள்ளேயே மரியாதையோடு இருக்கட்டும் என்றுதான் சொல்வோம்.

சும்மா சொல்லக்கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னோம். அதன் அர்த்தம் இதுதான். ஆதரவுக் கடிதத்தோடு நமது கோரிக்கையும் போகவேண்டும். எல்லாவற்றுக்கும் முந்தியது, அந்தக் கட்சியின் தலைவரைத் தெரிவு செய்யும் வாக்கு கிளை மட்டத்துக்கு இறங்கவேண்டும். அதோடு சேர்ந்த தொழிற்சங்க அங்கத்தவருக்கும் வாக்கு வேண்டும். சஜித் வென்று அதே 96 பேர் முறையை வைத்துக்கொண்டால், துரை மாறினார், தோட்டம் மாறவில்லை என்ற கதைதான். இரத்தினபுரி, கேகாலை, மாத்தளைப் பட்டியலில் நமது சமூகத்துக்கு இடம் வேண்டும். மலையகப் பட்டியலில் ஒரு பெண்ணாவது இருக்கவேண்டும். 2018இல் நூற்றுக்கு 25 ஒதுக்கீடு வந்த பிறகு பிரதேச சபைகளில் நமது பெண்கள் உட்கார்ந்து வேலை செய்து காட்டிவிட்டார்கள். இனி ‘ஆள் இல்லை’ என்ற சாக்கு எடுபடாது. மலையில் கழிப்பறையும் தண்ணீரும் வைக்கக் கம்பனிகளைச் சட்டத்தால் கட்டவேண்டும். நப்கின் பேசியவருக்கு இதன் அருமை விளங்கும் என்று நம்புகிறோம். இன்னும் சேர்க்க வேண்டியது இருந்தால் நீங்கள் சேருங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் பதில் வேண்டும்.

இப்போது நம் வீட்டுக் கதை. மலையகத்துச் சங்கங்களில் எத்தனை சங்கத்தின் தலைவரைத் தொழிலாளி பெட்டியில் சீட்டுப் போட்டுத் தெரிவு செய்திருக்கிறான்? மாநாட்டில் ஒருவர் பெயர் சொல்வார், ஒருவர் வழிமொழிவார், எல்லாரும் கைதட்டுவோம், மாலை வரும். நமது சங்கமும் இந்த வழக்கத்தில் வளர்ந்த சங்கம்தான். சந்தா செக்ரோலில் வெட்டுப்படுகிறது, கேள்வி கேட்கிற நாள் வருவதில்லை. கொழும்புக் கட்சியைப் பார்த்து ‘இரகசிய வாக்கு வை’ என்று கடிதம் எழுதினால், முதலில் உங்கள் தோட்டக் கமிட்டியில் வை என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

அதனால்தான் இந்தத் தீர்மானத்தை இந்த மண்டபத்தில் கைதட்டி நிறைவேற்றப் போவதில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் போகிறது. ஆதரவு, ஆதரவு இல்லை, இன்னும் பேசவேண்டும் என்று மூன்று கட்டம் உள்ள சீட்டு அச்சடித்து வைத்திருக்கிறோம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்காக யானை, வெறும் வட்டம், கேள்விக்குறி என்று படமும் போட்டிருக்கிறது. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. வீட்டுக்கு ஒன்று என்று கொடுக்கவேண்டாம். புருசன் இரண்டையும் நிரப்பிவிடுவான்.

சீட்டுப் போடுகிற நேரத்தில் தலைவர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. எண்ணும்போது மாதர் தலைவியும் ஒரு வாலிபரும் கட்டாயம் இருக்கவேண்டும். பெட்டி இல்லாத தோட்டத்தில் பிஸ்கட் டின் போதும், மூடியை ஒட்டி மேலே ஒரு வெட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அடுத்த சம்பள நாளுக்குப் பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் எண்ணிக்கை இங்கே வந்துவிடவேண்டும். எதிர்த்து விழுந்த சீட்டையும் அப்படியே அனுப்புங்கள். எல்லாத் தோட்டத்தின் கணக்கையும் அடுத்த இதழில் போடுகிறோம்.

சீட்டுக்கட்டுகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. தூரத்துத் தோட்டக்காரர்கள் முதலில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள், மூன்று மணி பஸ்ஸை விட்டால் பிறகு கஷ்டம்.